எண்ணூர்க் கால்வாய்க்கரை அருகம்புல்

1951 பிப்ரவரி 4, ஞாயிறு. காலை ஏழே காலுக்கு ராயபுரத்தில் ரயிலேறி, எட்டு மணி சுமாருக்கு எண்ணூரில் இறங்கினேன். பையில் பழைய செய்தித்தாள், பேனாக்கத்தி, மாதிரிகளை ஒட்டும் காகிதங்கள். மேய்ச்சல் புற்களைச் சேகரித்து வகைப்படுத்துவது இரண்டாண்டாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

8.20. கால்வாய்க்கரை மணல்மேட்டில் அருகம்புல் நறுக்கினேன். விரற்கடை உயரம், விறைத்த, நீலம் பாய்ந்த இலை. மூன்று கஜம் கீழே, நீரோரத்தில் முழ நீளப் புல். வெளிர்பச்சை, தளர்ந்த இலை. இரண்டுக்கும் தனித்தனித் தாள், தனித்தனி எண்.

9.40. ஸ்டேஷன் வாசலில் கூச்சல். ஜட்கா ஓட்டும் கபூர், புல்லறுக்கும் கன்னியம்மா கொண்டுவந்த புல்லுக்கட்டைத் தூக்கி எறிந்தார்.

"நேத்து உன் புல்லைத் துன்னுட்டுத்தான் குதிரை வயிறு புடிச்சுக்கினு படுத்துச்சு. இது அருகம்புல்லே இல்ல!"

"தவுட்ட மாத்தினியே பாய், அத்தக் கேளு! மேட்டுல ஆடு மேஞ்சுடுச்சு. பள்ளத்துல அறுத்தேன். அதே புல்லுதான்."

கபூர் என் தாள்களைப் பார்த்துவிட்டார். "சார், படிச்சவரு நீங்க சொல்லுங்க."

அந்தப் புல்லுக்கட்டில் இருந்தது நான் நீரோரத்தில் நறுக்கிய அதே புல். "மேட்டு அருகும் இதுவும் வேறு வேறு" என்றேன்.

அங்கே நின்ற மூன்று குதிரைகளுக்கும் புல் போடுபவள் கன்னியம்மா. நான் சொன்னதும் மற்ற இரு வண்டிக்காரர்களும் தங்கள் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு காலைப்பொழுதில் அவள் பிழைப்பு போகவிருந்தது.

"இன்னா சார் நீ! கீரையாட்டம் கிள்ளிக்கினு வந்து பேசற. வேரப் பாத்தியா? வா, காட்றேன். பாய், நீயும் வா."

10.05. மேட்டில் குந்தி, ஆடு விட்டுவைத்த ஒரு குத்தைப் பிடித்து, அரிவாள் முனையால் மணலைச் சுரண்டியபடி கீழே இறங்கினாள். நான் கைகொடுக்கப் போனேன். "இழுத்தா அந்துடும், சொம்மா இரு."

ஒரே தண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடியது. மேட்டில் விரற்கடை இலை, நடுவில் சாண், நீரோரத்தில் முழம். எங்கும் அறுபடவில்லை. இரு முனையிலும் கதிர் ஒரே மாதிரி விரல்களாகப் பிரிந்திருந்தது. காகித அளவுக்கு நறுக்கியே பழகிய எனக்கு இந்தத் தண்டு தெரியாமலே போயிருக்கிறது.

"கபூர் சாயபு, தப்பு என்னுடையது. இரண்டும் ஒன்றே."

"படிச்சவரே கவுந்துட்டாரு, நான் எம்மாத்திரம்!" என்று சிரித்தார் கபூர். ஸ்டேஷனுக்குத் திரும்பி, எறிந்த கட்டைத் தாமே எடுத்துக் குதிரைமுன் போட்டார். மற்றவர்களும் பிரித்த கட்டுகளை மறுபடி கட்டினார்கள்.

"அப்போ தவுடு?" என்றாள்.

"பழசுக்கே மாத்திடறேன், வுடு."

அந்தத் தண்டை எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"இத்த வச்சுக்கினு இன்னா பண்ணுவ?"

"காகிதத்தில் ஒட்டி வைப்பேன்."

"குதிரை துன்ற புல்லு. வீணாப் போவுது" என்றாள், ஆனாலும் மண்ணை உதறி, சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

11.30. கபூர் வண்டியில் திருவொற்றியூர், ஐந்து மைல், ஒரு ரூபாய்.

வீட்டில் என் முப்பத்தொரு தாள்களையும் தரையில் பரப்பினேன். எத்தனை புல்லை நின்ற இடம் பார்த்தே பிரித்திருக்கிறேனோ, இனி ஒவ்வொன்றாய்ப் போய் வேரோடு பார்க்க வேண்டும். இன்றைய இரண்டு எண்களில் ஒன்றை அடித்துவிட்டேன். தண்டு முழுவதையும் மடித்து ஒரே தாளில் ஒட்டியாயிற்று. சேகரித்தவர் என்ற இடத்தில் இதுவரை என் பெயரையே எழுதி வந்தேன். இதில் எழுதியிருப்பது: கன்னியம்மா, எண்ணூர்.