பன்னீர் ஊற்றிய போத்தல்

என் மூத்த மகளுக்கு அப்போது மூன்று வயது. ஐந்து நாளாகச் சளியும் இரத்தமுமாய் வயிற்றால் போய், பிள்ளை நனைந்த துணி மாதிரிக் கிடந்தாள். கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இந்த நோய் இரண்டு விதக் கிருமியால் வரும், ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது, எதுவென்று தெரிந்தால்தான் ஊசி போடலாம் என்றார் டொக்டர். மலம் கொண்டு வரச் சொல்லி ஒரு சின்னப் போத்தல் தந்தார்.

அதைச் சோதிக்கிற ஓர் அந்நிய ஆண்பிள்ளையின் கையில் கொடுப்பதா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் காலையில், மௌலூது ஓதும் நாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பன்னீரை எடுத்து, மலத்தின் மேல் போத்தல் நிறைய ஊற்றினேன்.

உம்மா பார்த்துவிட்டார். "என்ன புள்ள செய்யிற?"

"இல்லாட்டி மணக்கும் உம்மா. அந்த மனிசன் என்ன நினைப்பார்?"

"ஓம் ஓம், கொஞ்சம் அத்தரும் பூசி விடு. மாப்பிள்ள வீட்டுக்குத்தானே போகுது."

ஆஸ்பத்திரியில் மலம் பரிசோதிப்பவர் நடுவயதுக்காரர், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்டுமே அசையல்ல. இதுக்குள்ள என்னத்த ஊத்தின நீங்க?"

முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னேன். "பன்னீர்."

அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, அது உயிரோட அசையிறதப் பாத்துத்தான் நான் இன்னதெண்டு சொல்லலாம். சூடு ஆறினாலே சுருண்டு போயிரும். ஒண்டும் ஊத்தாம, சுடச்சுடக் கொண்டு வாங்க."

என் கூச்சத்தால் பிள்ளைக்கு மருந்து தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்தபோது அவள் கண் இன்னும் குழிவிழுந்திருந்தது.

பகலில் பிள்ளைக்கு மறுபடியும் வயிற்றால் போனது. பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு, போத்தலைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு தனியே நடந்தேன். அதற்குமுன் துணையில்லாமல் தெருவில் இறங்கியதே இல்லை. சந்தியில் ஆண்கள் நின்றார்கள். நான் மடியின் சூட்டை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். உடனே, "வாங்க, நீங்களும் பாருங்க" என்றார்.

ஒற்றைக் கண்ணை வைத்தேன். கஞ்சித் துளி போல ஒன்று ஒரு பக்கம் நீண்டது, பிறகு முழு உடம்பும் அந்தப் பக்கம் வழிந்து போனது. உள்ளே வட்ட வட்டமாய்ப் புள்ளிகள்.

"அது உங்கட மகள்ட ரத்தம். திண்டுட்டு நடக்குது. அமீபாதான். இனிப் பயமில்ல."

அன்றே ஊசி தொடங்கினார்கள். நாலாம் நாள் பிள்ளை கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கருவாடு கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நான் ஆறுதலாக வேலை செய்தேன்.

ஊசி முடிந்தபின் இன்னொரு தடவை கொண்டு வரச் சொன்னார்கள். நானே கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்து, "இண்டைக்குப் பன்னீர் இல்லையோ?" என்றார்.

"முடிஞ்சி போச்சி" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

சிரித்துக்கொண்டு குனிந்தவர், கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்தித் தேடினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டுமே அசையல்ல, தங்கச்சி."