சேற்றில் நின்ற பஸ்ஸும் பாய்மரத் தோணியும்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி போகிற பஸ், பசுவந்தனை தாண்டி மழைச் சேற்றில் இறங்கிச் சாய்ந்து நிற்கிறது. கரிசல் மண் டயரை விடுவதாக இல்லை. என் பக்கத்தில் இருப்பவர், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியில் சமையல்காரர். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

"எல்லாரும் மேட்டுப் பக்கமா வந்து உக்காருங்க, நிமிந்திரும்!" என்கிறார். தோணி சாய்ந்தால் அப்படித்தான் செய்வார்களாம். நாங்களும் நெருக்கியடித்து உட்காருகிறோம். பஸ் அசையவில்லை.

"அண்ணாச்சி, இது கடலு இல்ல, சகதி" என்கிறார் கண்டக்டர்.

கையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, தோணிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறார்.

"வாடைக்காத்து எந்திரிச்சிட்டு. தோணி கெளம்பிரும்."

கூச்சத்தோடு கேட்கிறேன்: "சோறு பொங்குத உங்கள விட்டுட்டா போவாவ?"

"காத்து கெடச்சா சோறில்லாமலும் போவாவ, ஆச்சி. எஞ்சின் தோணின்னா ஆளுக்கு நிக்கும். எங்க தோணி காத்துக்குத்தான் நிக்கும். திரும்பி வந்ததும் அதுக்கும் எஞ்சின் வைக்கப் போறாவ. பாயில போற கடேசி நடை இதுதான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தூத்துக்குடியைப் பார்த்து நடக்கிறார்.

டிராக்டர் வந்து பஸ்ஸை இழுக்கிறது. வழிநெடுகப் பார்க்கிறேன், ஆளைக் காணோம்.

தோணி அவரை ஏற்றிக்கொண்டுதான் போனதா என்று தூத்துக்குடிக்காரர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். காற்றின் பேரும் சரிதானா பாருங்கள். மிட்டாய் என்னிடம்தான் இருக்கிறது.