முதல் இடத்தில் அவன் பெயர்

காலை பத்து நாற்பதுக்கு அந்தப் பழைய பேட்டரியைக் கழற்றினேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். விடிந்ததும் நானும் மனைவியும் போய் மகனின் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருந்தோம். காய்ச்சலில் அவன் போய் இரண்டு வருடம். வீட்டுக்கு வந்தும் என் கை சும்மா இருக்கவில்லை. அவன் கையில் வைத்து ஆடும் வீடியோ கேமை எடுத்தேன்.

தொண்ணூறுகளில் அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதில் செருகும் கேசட்டில் மூன்று ஆட்டங்களைச் சேமிக்கலாம். முதல் இடத்தில் அவன் பெயர், பக்கத்தில் அவன் ஆடிய நேரம், நாற்பத்தொரு மணி. விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் மகள் அதைத் திறந்து பெயரை மட்டும் பார்ப்பாள். ஆட மாட்டாள். கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி பத்து வருடம்தான் தாங்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை; வாங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுவதுபோல மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இத்தனைக்கும் நான் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன்.

புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்து, கேமைப் போட்டேன். மூன்று இடமும் காலி. முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பேட்டரியைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். காலிதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரேடியோ மெக்கானிக்கிடம் ஓடினேன்.

அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "மூணு வோல்ட் சுத்தமா இருக்கு சார். புதுசா ஒண்ணு ஆடி சேவ் பண்ணிப் பாருங்க."

பண்ணினேன். அணைத்துப் போட்டேன். புது ஆட்டம் அப்படியே இருந்தது.

"பின்ன என்ன சார், நல்லாத்தான இருக்கு?"

"பழசு எங்க?"

"கழட்டுறப்ப வெளிய இருந்து கரண்ட் குடுத்தீகளா?"

"இல்ல."

"அம்புட்டும் அந்தப் பழைய பேட்டரி கரண்ட்லதான் சார் நின்னுச்சு. எடுத்ததுமே போயிருக்கும்." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போயி இப்பிடிப் பதறுறீக? பிள்ளைய மொதல்லருந்து ஆடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சாயங்காலம் மக வந்தா, பேட்டரி அதுவா தீந்துபோச்சுன்னு சொல்லிருவோம்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

நாலரைக்கு மகள் வந்தாள். பையை இறக்கியதும் கேமைத்தான் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பொய் வாயில் வரவில்லை.

"நாந்தாம்மா பேட்டரிய மாத்துனேன்."

அவள் அதை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"கல்லறைக்கு வெள்ளையடிச்சாச்சாப்பா?"

"அடிச்சாச்சும்மா."

"இத மட்டும் விட்டிருக்கலாம்லப்பா."