ரேக் வராத கோடை

1. இருபத்திரண்டாவது வளைவு

இருபத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவில் செருப்பின் வார் அறுந்தது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால் இது எத்தனையாவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மலைமேல் ஏறி முடிவதற்குள் எழுபது வளைவு. இன்னும் நாற்பத்தெட்டு பாக்கி.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு விடியும்போதே நடக்கத் தொடங்கியிருந்தேன். கொல்லிமலைக்கு பஸ் இருக்கிறது. ஆனால் மேலே போய் என்ன செய்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பஸ்ஸில் போனால் முடிவு செய்வதற்குள் ஊர் வந்துவிடும். அதனால் நடந்தேன்.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். உப்பளம், சிமெண்ட் குடோன், கரும்பு வெட்டு என்று பல இடங்களில் இருந்திருக்கிறேன். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. வேலை தீர்ந்தால் கிளம்புவேன். சில இடங்களில் வேலை தீராமலும் கிளம்பியிருக்கிறேன். இந்தத் தடவை தீர்ந்துதான் போயிருந்தது. கீழே ஒரு ரயில்வே சைடிங்கில் நிலக்கரி இறக்கும் கும்பலில் இருந்தேன். முந்தின நாள் மண்வாரியை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அறுந்த வாரைச் சணலால் கட்டினேன். இன்னும் நாலு வளைவு தாங்கும் என்று தோன்றியது.

2. தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம்

சைடிங் என்பது பெரிய பாதையிலிருந்து பிரிந்து வரும் தனித் தண்டவாளம். கரி ஏற்றிய முழு சரக்கு ரயிலுக்கு ரேக் என்று பெயர். ரேக் வந்து நின்றதும் வேகன்களின் பக்கக் கதவுகளைத் தட்டித் திறப்போம். கொஞ்சம் தானாகக் கொட்டும். மிச்சத்தை உள்ளே இறங்கித் தள்ள வேண்டும். கொடுத்த நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் ரயில்வேக்கு டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் ரேக் வந்துவிட்டால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கரி அங்கிருந்து லாரிகளில் செங்கல் சூளைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் போகும்.

எங்கள் பக்கத்துச் சூளைக்காரர்கள் பலர் கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரியை நம்பியிருந்தார்கள். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை தொடங்கியதும் அந்தக் கரி தொட முடியாத விலைக்குப் போனது. எல்லோரும் உள்நாட்டுக் கரியைத் தேடி ஓடினார்கள். அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியது, கரண்டுத் தேவையும் ஏறியது. பவர் ஹவுஸ்களில் கரி இருப்பு குறைந்தது. இருக்கிற வேகன்களெல்லாம் முதலில் அவர்களுக்கு என்றார்கள். கரி ரயிலுக்கு வழி விடுவதற்காகப் பல பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள். எங்களோடு வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர் ஊருக்குப் போக முடியாமல் ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தார். அவருடைய ரயிலை நிறுத்திவிட்டு அனுப்பிய கரியும் எங்களுக்கு வரவில்லை.

மேஸ்திரி ராமசாமி இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "சுரங்கத்துல கரி இருக்குது. எரிக்கறவன்கிட்ட சூளை இருக்குது. நடுவுல வண்டிதான் இல்ல. நாம அந்த நடுவுல உக்காந்திருக்கறம்."

ஒரு நாள் எங்கள் பெயருக்கு ரேக் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ரேக் வந்தால் பூசை போடுவது எங்கள் வழக்கம். புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல இன்ஜினுக்கும் வைப்போம். அது வந்து நின்றபிறகு, மறுபடி நகரும் முன்னால் வைக்க வேண்டியது. அன்று மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. ரேக் எங்கள் பக்கம் திரும்புகிற இடத்துக்குப் போய், தூரத்தில் இன்ஜின் தெரிந்தவுடனே பழத்தைப் பெரிய பாதையின் தண்டவாளத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தார். சூடம் ஏற்றினார். நாங்கள் மண்வாரியோடு வரிசையாக நின்றோம்.

இன்ஜின் வந்தது. பழத்தை நசுக்கியது. அப்படியே போய்க்கொண்டிருந்தது. வேகன் மேல் வேகனாகக் கரி குவிந்து எங்கள் முகத்துக்கு நேரே போனது. வழியிலேயே அதைப் பவர் ஹவுஸுக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

கடைசி வேகன் போன பிறகு ஒருவர் சொன்னார், "மேஸ்திரி, பூசை பலிச்சிருச்சு. வண்டி நல்லபடியா போயிருச்சு."

மேஸ்திரியும் சிரித்தார். அன்று சாயங்காலம் அவர், இனி உங்களைக் காக்க வைப்பது பாவம், வேறு வேலை கிடைக்கிறவர்கள் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

3. மாணிக்கத்தின் லாரி

இருபத்தாறாவது வளைவில் பின்னாலிருந்து வந்த காலி லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுகிற இடத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாணிக்கம். சைடிங்கிலிருந்து சூளைகளுக்குக் கரி ஓட்டுகிறவர், சொந்த லாரி.

"ஏப்பா, சைடிங் தங்கராசுதானே நீ? மலைமேல எந்த வேகனத் தொறக்கப் போற?"

"வேலை தேடிப் போறனுங்க."

"நடந்தா? நல்லவேளை, செருப்பாச்சும் உன்ன விட்டுட்டுப் போகாம இருக்குது. ஏறு."

போகும்போது அவருடைய கஷ்டத்தைச் சொன்னார். அவர் கரி போடும் சூளை, அறை அறையாகத் தீ சுற்றி வருகிற சேம்பர் சூளை. தீயை நடுவில் அணைய விட்டால் பாதி வெந்த கல் முழுக்க வீண். கரி இல்லாததால் விறகு போட்டுத் தீயைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். விறகுக்கு எல்லாச் சூளையும் அலைவதால் அதன் விலையும் ஏறிவிட்டது.

"மலைமேல தேவனூர் நாட்டுல வெள்ளையன்னு ஒருத்தர். பட்டாக் காட்டுல சில்வர் ஓக் நிக்குது. குடுக்கறேன்னு போன்ல சொல்லீட்டாரு. வெட்டி ஏத்த ஆள் வேணும். நீ நில்லு. பத்துப் பதினஞ்சு நாளைக்கு வேலை ஓடும்."

எனக்கு அது போதும். சரி என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. அவரு ஊட்டு அம்மணி இன்னும் வாயத் தொறக்கல. கரி இனி வராதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நாஞ்சொன்னா யாவாரி பேச்சும்பாங்க. நீ சைடிங்ல இருந்து வர்ற ஆளு."

ஜன்னல் வழியாக வளைவின் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4. பாதி வெளிச்சம், பாதி இருட்டு

வெள்ளையனின் காட்டைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. மரங்கள் ஒரே வயது, ஒரே உயரம். எல்லா மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஆனால் ஒரு பாதி வெளிச்சமாக இருந்தது, மறு பாதி இருட்டாக இருந்தது.

காரணத்தை வெள்ளையனே சொன்னார். வாசலில் பலகைமேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முழங்கால் மடங்காது. சில்வர் ஓக் மரத்தை அவர்கள் கொடிக்காகத்தான் வளர்க்கிறார்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மரமேறிப் பக்கக் கிளைகளைக் கழிக்க வேண்டும். அப்போதுதான் கொடிக்கு வெயில் விழும், சரம் பிடிக்கும். போன வருஷம் பாதிக் காட்டைக் கழித்தபோது அவர் விழுந்தார். மீதிப் பாதி அப்படியே நின்றுவிட்டது.

"ஏறறதுக்கு ஆளில்லீங்க. பசங்க அத்தன பேரும் திருப்பூர் போயிட்டானுங்க. நெழல்ல நிக்கற கொடி எனத்துக்கு ஆவும்? வெறகுக்கு வெல இருக்கறப்பவே அந்தப் பாதிய வெட்டிக் குடுத்தர்லாம்னு பாத்தேன்" என்றார்.

அவருடைய மனைவி செல்லாயி எங்களுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"இந்த வருசம் இந்தப் பாதி. அடுத்த வருசம் அந்தப் பாதியக் கழிக்க மட்டும் ஆளு வானத்துல இருந்து குதிப்பானா? அதையுங் குடுப்பீங்க. அப்பறம் எதக் குடுப்பீங்க, என்னையவா?"

"உன்னைய எவன் வாங்குவான்? ஈரம் காயவே ஒரு வருசம் ஆவும்."

மாணிக்கம் சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, இவரு கரி எறக்கற எடத்துல இருந்து வர்றாருங்க. நெலவரத்த இவருகிட்டயே கேளுங்க."

செல்லாயி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, கரி இனிமேட்டு வரவே வராதுங்களா?"

வராது என்று சொன்னால் பதினைந்து நாள் வேலை எனக்கு நிச்சயம். அந்தம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகைக்குள் எல்லாம் கரி.

"வருங்க" என்றேன். "நாளைக்கும் வரலாம், ஆடி கழிஞ்சும் வரலாம். எப்பன்னு எங்க மேஸ்திரிக்கே தெரியாது. ஆனா வரும்."

"வந்துட்டா இவங்க வெறகு வாங்குவாங்களா?"

"திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

மாணிக்கம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "உன்னைய இருபத்தாறாவது வளைவுலயே விட்டுட்டு வந்திருக்கோணும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று செல்லாயி கணவரிடம் சொன்னார். "இந்த வெல ரயிலு வர்ற வரைக்குந்தான். மரத்த வெட்டுனா கொடியும் போச்சு. புதுசா நட்டு அது மேல கொடி ஏறிக் காய்க்கறதுக்குள்ள நம்ம ரெண்டு பேர்ல யாரு இருப்பம்னு தெரியாது."

வெள்ளையன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மரங்களை வைத்தவர் அவர். வெட்டச் சொன்னதும் அவர். இரண்டும் முகத்தில் தெரிந்தது.

மாணிக்கம் எழுந்துபோய் வீட்டுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தார். போன வருஷம் கழித்த கிளைகள் அங்கே அடுக்கியபடி காய்ந்து கிடந்தன. அவர்கள் கேஸ் அடுப்புக்கு மாறியதிலிருந்து அதைத் தொட ஆளில்லை.

"அக்கா, அதக் குடுத்தர்றீங்களா?"

"கெளையத் தாராளமா எடுத்துக்கோங்க. மரத்ததான் தரமாட்டேங்கறேன்."

மாணிக்கம் தாடையைச் சொறிந்தார். "சூளைக்காரருகிட்ட பெரிய மரம்னு சொல்லி வெச்சிருக்கறன். ஆனா சூளைக்கு மேல இருக்கற துளை வழியாப் போடறதுக்கு மணிக்கட்டு கனந்தான் வேணும். பெருசா இருந்தா பொளக்கற கூலி வேற. சரி, இன்னைக்கு இதுல ஓட்டிக்கறேன். அடுத்த நடைக்கு அந்த இருட்டுப் பக்கத்துக் கெளையக் கழிச்சுக் காயப் போடுங்க. ஆனா யாரு ஏறறது?"

நான் சொன்னேன், "நான் ஏறறனுங்க."

"மரம் ஏறியிருக்கறியா?" என்று வெள்ளையன் கேட்டார்.

"வேகன் ஏறியிருக்கறனுங்க."

"வேகனுக்குப் படி இருக்குமல்ல?"

"இருக்குங்க."

"இதுக்கு இல்ல" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் காய்ந்த கிளைகளை லாரியில் ஏற்றினோம். மாணிக்கம் கிளம்பும்போது, "கீழ உழுந்தீன்னா எனக்கு போன் பண்ணு, வேற ஆள் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் களியும் கீரையும் போட்டார்கள். சாப்பிடும்போது எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போன ரேக்கைப் பற்றிச் சொன்னேன். வெள்ளையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

5. கொடி இல்லாத பக்கம்

காலையில் பனி விலகுவதற்குள் இருட்டுப் பக்கத்துக்குப் போனோம். வெள்ளையன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர்களுடைய ஏணி என்பது ஒரே ஒரு மூங்கில்தான். கணுவில் விட்டு வைத்த முளைகளில் கால் கட்டைவிரலை ஊன்றி ஏற வேண்டும். அதை மரத்தோடு சேர்த்துக் கட்டினேன்.

"அத அவுத்துரு. அந்தப் பக்கம் கொடி இருக்குது. கொடி இல்லாத பக்கம் கட்டு" என்றார் வெள்ளையன்.

அவிழ்த்துக் கட்டினேன்.

"கொடிய மிதிச்சா நானே காலப் புடிச்சு இழுத்துப் போடுவன். உச்சியத் தொடாத, தலைக்குக் கொஞ்சம் கொண்டை விடோணும். கெளைய அறுக்கறப்ப அடியில ஒரு வெட்டுப் போட்டுட்டு மேல வெட்டு. இல்லீன்னா உரிச்சுக்கிட்டுக் கொடி மேல உழுவும்."

அரிவாளை இடுப்புக்குப் பின்னால் செருகினேன். அப்போது செல்லாயி வீட்டுப் பக்கமிருந்து வந்தார். குனிந்து மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"ஏறுங்க சாமி. இந்த மரம் எங்கயும் ஓடிப் போகாது."

மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினேன். முதல் கிளையை அடியில் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு என்று சொன்னபடியே வெட்டினேன். அது கொடியைத் தொடாமல் போய் விழுந்தது. அது இருந்த இடத்தின் வழியாக ஒரு கை அகலத்துக்கு வெயில் இறங்கி மிளகு இலைமேல் விழுந்தது.

வெள்ளையன் அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலால் மேலே காட்டி, "அடுத்தது" என்றார்.

இத்தனை ஊர் சுற்றியதில் வேலையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அதிகமில்லை. எங்கே ஏறினாலும் முதலில் கொடி எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். அன்றைக்குப் பொழுது உச்சிக்கு வருவதற்குள் இன்னொரு மரத்துக்கு மூங்கிலை மாற்றிக் கட்டினேன், யாரும் சொல்லாமலே, கொடி இல்லாத பக்கமாக.