மழையில் வருகிறேன் என்றவர்

புதுச்சேரியில் மழை பெய்தால் வீட்டுக்குள் கேட்பதில்லை. வியட்நாமின் சைகோனை விட்டு இங்கே வந்து ஏழு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. அங்கே எங்கள் கூரை தகரம். நாலு துளி விழுந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நெல்லித்தோப்பில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த தளம். வெளியே கையை நீட்டினால்தான் மழை தெரியும். இது என் தகப்பனார் பிறந்த ஊர். நான் பிறந்த ஊர் அல்ல.

முதல் ஐப்பசியில் மழை வேறு வழியாகத் தெரிந்தது. பின்னறையில் என் மனைவி தெரேஸின் கட்டிலைச் சுற்றி நான்கு இடங்களில் ஒழுகியது. நான்கு பாத்திரங்கள் வைத்தோம். அவளுக்கு மூச்சிரைப்பு, ஈரச் சுவர் ஆகாது என்று டாக்டர் இரண்டு முறை எச்சரித்திருந்தார். அவளோ, "ஒழுகறதாலதாங்க மழ பேயறதே தெரியுது" என்று சிரித்தாள்.

பாரிசிலிருந்தும் மர்செய்யிலிருந்தும் சைகோன் நண்பர்களே, நீங்கள் எழுதிக் கேட்கிறீர்கள்: ஊர் திரும்பினால் வீட்டைப் பழுதுபார்க்க நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? சைகோனில் எனக்கு ஒரு முறை இருந்தது. அந்த ஆள் முன்பு வேலை செய்த மூன்று வீடுகளுக்குப் போவேன். ஒன்றே ஒன்று கேட்பேன்: வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா? ஒரு சீனக் கூரைக்காரருக்காகப் பதினோரு வீதி நடந்தேன். பத்தொன்பது வருடம் அந்தக் கூரை ஒழுகவில்லை.

இங்கே, அடுத்த பங்குனி வெயிலில் கோவிந்தன் என்ற கொத்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மாடியில் நான்கே நிமிடம் நின்றார்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க ஐயா. மழ பேயட்டும். மழைல வந்து பாக்கறேன்."

"மழைக்கு முன்னால முடிக்கத்தானே கூப்பிட்டேன்?"

"காஞ்ச தளம் பொய் சொல்லும். தண்ணி ஒரு பக்கம் எறங்கும், வேற பக்கம் சொட்டும்."

"ஒழுகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"இன்னாத்த எழுதறது? எனக்குத் தெரியாததையா?"

தட்டிக்கழிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அடுத்து வந்த காண்ட்ராக்டர் வாசலிலேயே "போன்ழூர், மெஸ்யூ" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். ஒரு வருடமாக எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லாத சொல். பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். பிரெஞ்சிலேயே கேட்டேன், பன்னிரண்டுக்கும் பிரெஞ்சிலேயே பதில் வந்தது. முத்திரை குத்திய காகிதமும் கொடுத்தார். பிறகு சைகோன் வீதிகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். மூன்று வீடுகளைப் பார்க்க நான் போகவே இல்லை.

அவர் போனதும் தெரேஸ் கேட்டாள்: "பன்னெண்டு கேள்வி கேட்டீங்க. அந்த ஆளு மாடி ஏறினாரா?"

ஏறவில்லை. "அவரோட ஆளுங்க பாத்துப்பாங்க" என்று அவருக்காக நான் பதில் சொன்னேன்.

அவருடைய ஆட்கள் ஆறு நாளில் தளம் முழுக்கச் சிமெண்ட் பூசினார்கள். ஐப்பசியின் முதல் மழையில் ஒன்பது இடங்களில் ஒழுகியது. கட்டிலை நகர்த்த இடமில்லை. தெரேஸ் இரவும் பகலும் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். காண்ட்ராக்டர் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் வெளியூர் என்றார்கள். மூன்றாம் முறை நனைந்து திரும்பியபோது எங்கள் மாடியில் ஓர் ஆள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கோவிந்தன் மேஸ்திரி குனிந்திருந்தார்.

"யாரு கூப்பிட்டாங்க?"

"மழைல வர்றேன்னு சொன்னேனே" என்றார். கைப்பிடிச் சுவரின் மூலையில் விரலை விட்டுக் காட்டினார். "அரசங்கன்னு வேரு. தண்ணி இங்க எறங்குது. மேல பூசின சிமிட்டி ஈரத்த காயவே வுடல."

அன்று களிமண்ணால் அடைத்தார். தையில் தளம் காய்ந்த பிறகு சிமெண்டைப் பெயர்த்து, வேரை எடுத்து, முறையாக முடித்தார். தெரேஸ் அதைப் பார்க்கவில்லை. மார்கழியிலேயே போய்விட்டாள். நோய் பழையது, ஈரம் மட்டும் காரணமல்ல என்றார் டாக்டர். நூற்றுக்கு எத்தனை பங்கு ஈரம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஐந்து மழைக்காலம் போயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஐப்பசிதோறும் மேஸ்திரி கூப்பிடாமலே மாடி ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவள் அறை காய்ந்து, ஓசையற்று இருக்கிறது. அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். மழை வந்தால் அவள் கட்டிலில் போய் உட்காருகிறேன். ஜன்னல் பக்கத்துக் காதில் சைகோன். மறு காதில் இந்த ஊரின் நல்ல தளம், சத்தமே இல்லாமல்.