அமுதா தன் கையால் எழுதிய படிவம்: காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை

எர்ணாவூர் அமுதா அனுப்பிய படிவம், அவருடைய கணவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறுவனத்தின் பணியாளர் பிரிவு அனுப்பிய ஒப்புகை மின்னஞ்சலை அமுதாவே நேற்று எனக்கு அனுப்பிவைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அதை நிரப்பியபோது நான் உடனிருந்தேன்.

கணவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துக் கூடவே கிளம்பவிருக்கும் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர், "துணைக்குப் போகிறவளுக்கு அங்கே நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டிருந்தார். ஒன்பது மாதம் இருந்துவிட்டு வந்த அமுதாவைக் கேட்கலாமென்று புறப்பட்டேன்.

காலை 6.10க்கு ராயபுரம் ரயில் நிலையம். அங்கிருந்து காசிமேடு மீன் சந்தை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். "சண்டேல வஞ்சிரமா சார்? வெலையக் கேட்டா பேஜாராயிடும்," என்றார் ஓட்டுநர். மீன் வாங்க வரவில்லை என்றதும், "அப்போ இன்னாத்துக்கு இந்த நாத்தம்?" என்று சிரித்தார்.

அமுதா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் மோகன் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் இயக்குகிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அங்கே பதினான்காம் மாடி வீட்டில் அமுதா பகலெல்லாம் தனியாக இருந்தார். மனைவி என்ற முறையில் கிடைத்த விசாவில் வேலை செய்யக் கூடாது. அது தெரியாமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறார். மோகன் பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"அதுக்கப்புறம் தூங்குறதுதான் சார் வேல. மதியம் எழுவேன். எழுந்து இன்னா பண்றதுன்னு திரும்பப் படுத்துக்குவேன்."

தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் என்று ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஐந்து மாதம் ஆகிறது.

ஒன்பது மணிக்கு அவர் கத்தியைக் கழுவிக் கட்டினார். அவரோடு ராயபுரத்திலிருந்து மின்சார ரயிலில் விம்கோ நகர். ஐந்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். பிறகு எர்ணாவூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். வீடு மூன்றாம் மாடியில்.

மோகன் கைப்பேசிக்கு அனுப்பியிருந்த ஒரு படிவத்தைக் காட்டி, "இதுல கையெழுத்துப் போடணுமாம். இன்னா சார் போட்டுகீது?" என்று கேட்டார். கூட வந்த மனைவியின் நலம் பற்றி நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் கேட்கும் படிவம் அது. 'நலம்' என்று மோகனே எழுதி, கேட்டிருந்த உதவிகள் எல்லாவற்றிலும் 'தேவையில்லை'யைக் குறித்திருந்தார். மூன்றாவது வரி: வேலை அனுமதி பெற உதவி வேண்டுமா?

வாசித்துச் சொன்னேன். அமுதா உடனே மோகனை வீடியோவில் அழைத்தார்.

"இன்னாய்யா எழுதிக்கீற?"

"எப்பவும் எழுதுறதுதான். நலம்னு."

"மாமியாருக்குக் கடுதாசியா எழுதின, நலம், நலமறிய ஆவல்னு? வேல வேணுமான்னு கேட்டுகீறான்யா!"

"கம்பெனிக்காரன் கேட்டா வேற இன்னா எழுதுவாங்க? நலமில்லன்னு எழுதுனா உன்ன ஊருக்கு அனுப்பிடுவானோன்னு பயம்."

"இப்போ மட்டும் எங்க கீறேன்?"

 "நீயே எழுது அமுதா," என்றார் மோகன். "நீ இல்லாம சோறு எறங்கல இங்க."

"வேல கெடைச்சா வரேன். இல்லன்னா நீ லீவுக்கு வா."

மோகன் அனுப்பிய வெற்றுப் படிவத்தை அச்செடுத்து, மூன்றாவது வரியில் 'வேண்டும்' என்று குறித்துவிட்டு, அமுதா தமிழில் எழுதினார்: 'நான் நலமாக இல்லை. விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போய்ப் பழகியவள். எனக்கு மீன் வெட்டத் தெரியும்.' அவர் கேட்டுக்கொண்டபடி, அதையே கீழே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

காசிமேட்டுக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தரை ஈரம், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. கடல் கடந்து துணைக்குப் போகிறவர்கள், விசாவில் வேலை செய்யலாமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். உங்களைப் பற்றிய படிவம் வந்தால் வாங்கி நீங்களே நிரப்புங்கள். எழுத வராவிட்டால், நீங்கள் சொல்வதை மட்டும் எழுதுகிற ஒருவரைத் தேடுங்கள்.

வேலை அனுமதி பற்றிய பதில் மூன்று வாரத்தில் வரும் என்கிறது மின்னஞ்சல். ஆறு மாதத்துக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே இருந்தால் அமுதாவின் விசா காலாவதியாகிவிடும்; அதற்கு இன்னும் இருபத்தாறு நாள். அவர் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.