அண்ணன் பங்கில் நிற்கும் கல்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வந்து, பஸ் மாறித் திருச்சுழியில் இறங்கியபோது காலை ஏழரை மணி. எங்கள் பூர்வீக ஊர் அங்கிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர். மினி பஸ் உண்டு. ஆனாலும் நடந்துதான் போவது என்று வந்திருந்தேன். வழியில் மூன்று பழங்கற்கள் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் மூன்றாவது கல்லைப் பார்க்கத்தான் வந்தேன், அதுவும் வயிற்றெரிச்சலோடு.

அந்தக் கல் என் பெரியப்பா மகன் பாண்டியண்ணனின் புஞ்சையில் நிற்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கல் நின்ற வடபாதி அவர்களுக்கு விழுந்தது, வெறும் தென்பாதி எங்களுக்கு. அப்போது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. போன வருடம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து பார்த்து, அது பல நூறு வருடத்து நடுகல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேப்பரில் படம் வந்தது. கல்லின்மேல் கை போட்டுக்கொண்டு அண்ணன் சிரிக்கிறார். தெரிந்தவர் அத்தனை பேரும் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி வைத்தார்கள்.

போனில் சொல்லியிருந்ததால் அண்ணன் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் காத்திருந்தார். "வாடா தம்பி. வெளியூர்க்காரவுகளெல்லாம் கல்லப் பாக்க வாராக. ஒனக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்?"

டீ பன்னிரண்டு ரூபாய். இரண்டுக்கும் அவரே கொடுத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊர்ப்பாதை பிரியும் இடத்தில் முதல் கல், சுமைதாங்கி. நிற்கும் இரண்டு கற்களின்மேல் படுத்த ஒரு கல். தலைச்சுமையோடு போகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைப்பதற்காக, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். இப்போது ஒருவர் அதில் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

கண்மாய்க் கரையில் இரண்டாவது கல். தினவெடுத்த மாடுகள் உரசிக்கொள்வதற்கென்றே அந்தக் காலத்தில் நட்டது. எத்தனை தலைமுறை மாடுகளோ, இடுப்பு உயரத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. நாங்கள் போன நேரம் ஓர் எருமை கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இது ஊருக்குப் பொதுடா," என்றார் அண்ணன். அடுத்தது பொது இல்லை என்பதை இதைவிடப் பக்குவமாக யாரும் சொல்ல முடியாது.

அதன்பிறகு நிழலே இல்லை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அது விட்ட இடத்தில் வெடித்த கரிசல். ஒன்பது மணிக்குப் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கல் இடுப்பளவுதான். கையில் ஈட்டியோடு ஓர் ஆள், காலடியில் இரண்டு ஆடுகள். மந்தையைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்கப் போய் உயிர்விட்டவராம். கழுத்தில் புது மாலை. கையெடுத்துக் கும்பிட்டேன். பக்தியால் அல்ல. சீட்டு மட்டும் மாறி விழுந்திருந்தால் இவர் என் ஆள். வரப்பு ஆறடி தூரத்தில்தான் இருந்தது.

வரப்புக்கு அப்பால் என் பங்கில், எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைக்கும் ஆட்டுக்கிடை கிடந்தது. ஆடுகள் மேயப் போய்விட்டன. புழுக்கை மட்டும் கறுப்பாக விரிந்து கிடந்தது. என் பக்கம் அறுப்புக்குப் பின் நின்ற சோளக்கட்டைகள் கட்டைவிரல் தண்டி. அண்ணன் பக்கம் சுண்டுவிரல்கூடத் தேறாது.

"ஒங்க பக்கம் எப்பண்ணே கிடை போடுவாக?"

அண்ணன் முகம் அன்றைக்கு முதல்தடவையாகச் சுருங்கியது. "எம் பக்கமா? அவுககிட்டயே கேளு."

கிடைக்காரரின் மனைவி குட்டிகளைக் கூடையால் மூடிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அது ஆகாதுய்யா. கல்லுல நிக்கிறவுக ஆட்டக் காக்கப் போயி உசுர விட்டவுக. அவுக எடத்துல கிடையப் போட்டா, திரும்பவும் முழிச்சுக் காவலு நிக்கணுமில்ல? செத்த பெறகாவது ஒறங்கட்டும்."

"வரப்புக்கு இந்தப் பக்கம்?"

"இது அடுத்தவுக எடம். இங்க அவுகளுக்கு என்ன சோலி?"

அண்ணன் வெடித்துவிட்டார். "வருசா வருசம் இதத்தாண்டா பாத்துக்கிட்டு நிக்கேன். ஒனக்கு மந்தை மந்தையா எரு. எனக்கு மாலையும் போட்டோவும். ஒன் வெளச்சல் வந்து அடுக்குறப்ப வயிறு பத்துது தம்பி." கொஞ்ச நேரம் என் புஞ்சையையே பார்த்தார். "மாத்திக்கிருவமாடா? கல்லு ஒனக்கு, ஒம் பங்கு எனக்கு."

திருச்சுழியிலிருந்து நடந்த நாலு கிலோமீட்டரும் இதைத்தானே மனசுக்குள் கேட்டுக்கொண்டு வந்தேன்! சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண் போய்ச் சோளக்கட்டையில் நின்றது.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேண்ணே."

"கேளு, கேளு," என்றார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. கல்லைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

திரும்பும்போது மினி பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அந்த ஆறடியே கண்ணுக்குள் நின்றது. அருப்புக்கோட்டை வருவதற்குள் பொறுக்காமல், என் பங்கை வாரக் குத்தகைக்கு உழும் மாரிச்சாமிக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுமில்ல மாரிச்சாமி. தெனம் ஒரு எட்டுப் போயி, அந்தக் கல்லு அண்ணன் பக்கமே நிக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க."